பாலத்துக்கு இந்தப் பக்கம் பிபாத்தா

பிபாத்தா என் தாய்மாமன் மகள். எங்கள் ஊரில் மாமன் மகளைக் கேலி செய்யாமல் ஒருவன் சும்மா இருந்தால் இருவருக்கும் ஏதோ சண்டை என்று அர்த்தம். நாற்பது வருடமாக நான் அவளைக் கேலி செய்துவருகிறேன். அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவளைப் பற்றி இங்கே எழுதப்போவதில் கேலி குறைவாகத்தான் இருக்கும், அவளுக்குத் தெரிந்தால் என்னை விடமாட்டாள்.

காயாவில், பெனின் நாட்டு எல்லையான ஆற்றுப் பாலத்துக்குப் போகும் சாலையில், சுங்கச் சோதனைக்காக லாரிகள் நிற்கும் திடலுக்கு எதிரே அவளுடைய சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, நாலு பெஞ்சு, பின்னால் மூன்று அடுப்பு, ஒரு பெரிய உரல். கொத்தனாராக இருந்த அவள் கணவன் காய்ச்சலில் போனபோது மகள் ஹாஜராவுக்குப் பத்து வயது. அப்போது அவள் காலையில் கம்பு ஆப்பம் சுட்டு விற்க ஆரம்பித்தாள். இரண்டு வருடம் கழித்து மதியத்துக்குக் கிழங்குக் களியும் நிலக்கடலைக் குழம்பும் போட்டாள். அதன்பிறகு ஆப்பத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வள்ளிக்கிழங்கு எங்கள் கரையில் விளையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெனினில், பராக்கு என்ற ஊர்ப் பக்கத்துச் செம்மண்ணில் விளைவது அது. எங்கள் வெங்காயம் தெற்கே போகும், அவர்கள் கிழங்கு வடக்கே வரும். வேகவைத்த கிழங்கை இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போட்டு இடித்தால், கடைசியில் பசு வெண்ணெய்போல ஒரு உருண்டை வரும். பதினொரு மணிக்கு அந்த உலக்கைச் சத்தம் கேட்கத் தொடங்கினால் டிரைவர்கள் லாரிக்கு அடியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவருவார்கள். கொத்தனூவிலிருந்து வருபவன், லோமேயிலிருந்து வருபவன், கானோவிலிருந்து வருபவன், எல்லோரும் ஒரே பெஞ்சில். ஐந்நூறு பிராங்குக்கு உள்ளங்கை இரண்டையும் சேர்த்த அளவு உருண்டை, ஒரு துண்டு மீன். குழம்பு இன்னொரு கரண்டி கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டாள், திட்டிக்கொண்டே ஊற்றுவாள்.

நான் அந்தத் திடலின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு, லாரிகளுக்குச் சுங்கக் காகிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு அவளிடம்தான்.

டிரைவர் சாபியும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். பராக்குக்காரர், பாரிபா இனத்தார், நெடுநெடு என்று உயரம். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒருவர் தொழுதுவிட்டே வந்துவிடலாம், அவ்வளவு நிதானம். கொத்தனூ துறைமுகத்திலிருந்து அரிசி, சர்க்கரை, பழைய துணி மூட்டை என்று ஏற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வருவார். மனைவி இறந்து பல வருடம். வரும் வழியில் சொந்த ஊரில் கிழங்கு வாங்கி, லாரியின் தலைமேல் கட்டிக்கொண்டு வந்து பிபாத்தாவின் வாசலில் இறக்குவார்.

"பராக்குக்காரரே, போன தடவைக் கிழங்கு ஒரே தண்ணி. மண்ணுல விளைஞ்சதா, கிணத்துல விளைஞ்சதா?" என்பாள் இவள்.

"உலக்கை பிடிக்கத் தெரியாதவங்க கிழங்கைத்தான் குத்தம் சொல்வாங்க" என்பார் அவர், யோசித்து யோசித்து.

"நல்லா பேசத் தெரிஞ்சுக்கிட்டீங்க. கொத்தனூவுல எவ சொல்லிக் கொடுத்தா?"

நான் குறுக்கே புகுவேன். "ஏ புள்ளே, அவர் பாவம், ஒரு நாட்டையே தாண்டி வந்திருக்காரு. முதல்ல சோத்தைப் போடு, அப்புறம் கண்ணைக் காட்டு."

"நீ வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு மச்சான். உனக்குப் போடற சோறு உங்கம்மா என் அப்பாகிட்டே அழுது வாங்கிட்டுப் போன சோறு."

இப்படிப் பதினொரு வருடம். பதினொன்றாம் வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரத்தில் சாபி சாப்பிட்டு எழுந்து, கைகழுவி, நேராக என் மேசைக்கு வந்தார். காகிதம் எதுவும் கையில் இல்லை. நின்றார். பிறகு சொன்னார்: "சூமானா, நீ அவளுக்கு உறவு. நான் உன்கிட்ட கேக்கறேன்."

என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். நல்ல நேரம் பிடித்தது.

நான் போய்ச் சொன்னபோது பிபாத்தா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. சாம்பலும் தேங்காய் நாருமாகக் கை போய்க்கொண்டே இருந்தது. பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "புதுக் கிழங்கு வரட்டும்னு சொல்லு. இப்ப இருக்கறது பழசு. இடிச்சா கட்டி தட்டுது. என் கல்யாணச் சோத்துல கட்டி தட்டுச்சுன்னா இந்த ஊரு சாகற வரைக்கும் சொல்லிக் காட்டும்."

புதுக் கிழங்கு ஆகஸ்டில் வரும். நடுவில் ஆறு வாரம்தான். சாபி அதைக் கேட்டு, அவருக்கே உரிய வேகத்தில் சிரித்து முடித்து, லாரியைத் திருப்பிக்கொண்டு தெற்கே போனார்.

ஜூலைக் கடைசியில் எங்கள் தலைநகர் நியாமேயில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அண்டை நாடுகளெல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு, எல்லா எல்லைகளையும் அடைக்கச் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்த பாலம் திங்கட்கிழமை இல்லை. இருந்தது, ஆனால் நடுவில் கம்பிச் சுருள்.

சாபி மூன்று நாள் கழித்து அந்தக் கரைக்கு, மாலன்வில்லுக்கு, அரிசி லோடோடு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னால் நூறு லாரி. அடுத்த வாரம் அவருக்குப் பின்னால் ஆயிரம். பாலத்தின் இந்த முனையில் நின்றால் அந்தக் கரையில் லாரிகளின் வரிசை வெயிலில் மின்னுவது தெரியும். அவர் லாரி எது என்று மட்டும் தெரியாது.

"ஒரு வாரத்துல திறந்துடுவாங்களாம்" என்றார் போனில்.

"அப்ப வந்ததும் சாப்பிடலாம். அங்க கண்டதைச் சாப்பிட்டு வயித்தைக் கெடுத்துக்காதீங்க" என்றாள் இவள்.

ஒரு வாரம் ஆயிற்று. திறக்கவில்லை. அவள் தூக்குப் பாத்திரத்தில் களியும் குழம்பும் வைத்து, துணியால் இறுக்கிக் கட்டி, படகுக்காரனிடம் கொடுத்து அனுப்பினாள். பாலம் அடைத்த நாளிலிருந்து எல்லாம் படகில்தான் போய்வந்தன: சர்க்கரை, சிமெண்ட், நோயாளி, மணப்பெண். தூக்கு மறுநாள் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே இரண்டு புதுக் கிழங்கோடு. புதுக் கிழங்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வரவில்லை.

நான் சொன்னேன்: "நீயே ஒரு நடை படகேறிப் போயிட்டு வாயேன். கால் மணி நேரம்தானே?"

"நிக்காஹ் ஆகாம ஒரு ஆம்பளையைப் பார்க்க நான் படகேறிப் போனேன்னா ஊரு என்ன பேசும்?"

"நீ போகலேன்னாலும் ஊரு பேசிக்கிட்டுத்தான் இருக்கு."

"பேசட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை திறக்கறாங்களாம். சுங்கத்துல சொன்னாங்க."

அடுத்த வெள்ளி என்பது ஒரு ஊரின் பெயர்போல ஆகிவிட்டது எங்களுக்கு. எல்லோரும் அங்கே போகப்போகிறோம், யாரும் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். அந்தக் கரையில் லாரிகளில் கிழங்கும் தக்காளியும் அழுகிய வாடை காற்றடிக்கும்போது இங்கே வந்தது. நாலு மாதம் அவர் லாரிக்கு அடியில் பாய் விரித்துக் கிடந்தார். நாலு மாதம் தூக்கு போய்வந்தது. அவள் போகவில்லை.

டிசம்பரில் லாரி முதலாளி உத்தரவு அனுப்பினான்: திரும்பி வா, இனிமேல் லோமே துறைமுகம், அங்கிருந்து புர்க்கினா நாட்டு வழியாக நியாமே. சாபி முந்திய நாள் மாலையில் போன் செய்தார். "காலையில கிளம்பறேன் பிபாத்தா."

மறுநாள் அவள் கடை திறக்கவில்லை. பெருநாளுக்கு வாங்கிய நீலத் துணியைக் கட்டிக்கொண்டு, கையில் தூக்கோடு என் மேசைக்கு வந்தாள். "நடடா மச்சான். துறைக்கு."

துறையில் ஒரு படகும் அசையவில்லை. முந்தின நாள் ஏதோ ஆயுதம் பிடிபட்டதாம். அன்றைக்கு யாரும் ஆற்றில் இறங்கக்கூடாது என்று சிப்பாய்கள் நின்றார்கள். நான் கெஞ்சிப் பார்த்தேன். அந்தச் சிப்பாய் நல்லவன்தான், அவனுக்கும் எங்கள் கடைச் சோறு பழக்கம். "அக்கா, நாளைக்கு வாங்க, நானே ஏத்தி விடறேன்" என்றான்.

"நாளைக்கு ஆள் இருக்கமாட்டாரு தம்பி" என்றாள் பிபாத்தா.

நண்பகல்வரை நின்றாள். உட்காரவில்லை. பிறகு சாபியிடமிருந்து போன் வந்தது, பின்னால் எஞ்சின் இரைச்சலோடு, லாரி கிளம்பிவிட்டது. அவள், "சரி, சரி, பத்திரம்" என்று மட்டும் சொன்னாள். அந்தத் தூக்கிலிருந்த சாப்பாட்டை அங்கேயே சிப்பாய்க்குப் போட்டாள். திரும்பி வரும்போது நான் கேலி செய்யவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அது முதல் தடவை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு பகலில் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள்: நாம் அந்தக் கூட்டமைப்பை விட்டு விலகுகிறோம், மாலியும் புர்க்கினாவும் நம்மோடு. அப்போது பிபாத்தாவின் கடையில்தான் இருந்தோம். கைதட்டினோம். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன். எங்களுக்குக் கோபம் இருந்தது. ஆறு மாதமாக மின்சாரம் பாதி, மருந்துக் கடையில் மருந்து இல்லை, எல்லாம் அவர்கள் அடைத்ததால்தான். வெளியே இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளில் கொடி பிடித்துக்கொண்டு ஹாரன் அடித்துப் போனார்கள்.

பிபாத்தா கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டாள்: "வெளியே வந்துட்டா பாலத்தைத் திறந்துடுவாங்களா?"

ஒருவன், "அதெல்லாம் பெரிய விஷயம்க்கா" என்றான்.

"பாலம் சின்ன விஷயமா?" என்று கேட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள்.

அடுத்த மாதம் கூட்டமைப்பு தடையை நீக்கியது. அந்தக் கரை திறந்தது. எங்கள் கரை திறக்கவில்லை. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். நாங்கள் கூட்டமைப்பிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தோம், அதற்கே ஒரு வருடம் ஆகுமாம். விலைவாசி அந்த ஒரு வருடத்துக்குக் காத்திருக்கவில்லை.

முதலில் எண்ணெய். பிறகு அரிசி: பன்னிரண்டாயிரத்து சொச்சம் இருந்த மூட்டை பதினெட்டுக்கும் மேலே போயிற்று. சர்க்கரை, கோதுமை மாவு, தக்காளிக் கூழ். தெற்கேயிருந்து நேராக வந்த சரக்கு இப்போது மூன்று நாடு சுற்றி வந்தது. இல்லையென்றால் படகில் திருட்டுத்தனமாக வந்தது. இரண்டுக்கும் விலை ஒன்றுதான். ஆயிரம் பிராங்குக்கு மூன்று கிடைத்த கிழங்கு ஒன்று கிடைத்தது. அதுவும் மெலிந்த கிழங்கு. அதை இடிக்கும்போது பிபாத்தாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

திடலில் லாரி இல்லை. டிரைவர்கள் இல்லை. உள்ளூர்க்காரர்களும் சிப்பாய்களும் மூட்டை சுமப்பவர்களும்தான். ஐந்நூறு எழுநூறாயிற்று, பிறகு ஆயிரம். ஒரு நாள் கொத்தனார் ஒருவர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பிபாத்தா, உருண்டை சின்னதாயிடுச்சா, இல்ல என் கண்ணுதான் பெருசாயிடுச்சா?"

"உன் வாய்தான் பெருசாயிடுச்சு. தின்னு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் போனபிறகு அவள் உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்: "நிஜமாத்தான் சின்னதாயிடுச்சு மச்சான். நான்தான் உருட்டறேன், எனக்குத் தெரியாதா? என் கை அளவே எனக்கு மறந்துபோச்சு."

அடுத்த வாரம் கிழங்குக் களியை நிறுத்தினாள். மக்காச்சோளக் களியும் முருங்கைக்கீரையும் மட்டும் போட்டாள். கிழங்கு இல்லாவிட்டால் இரண்டு உலக்கை எதற்கு? எட்டு வருடமாக அவளுக்கு எதிரே நின்று உலக்கை போட்ட ரெக்கியாவை அனுப்பவேண்டி வந்தது. அவளைக் கூப்பிட்டுச் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். சொன்னபோது ரெக்கியா, "எனக்குத் தெரியும்க்கா. நீ எப்ப சொல்வேன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள். இருவரும் அழுதார்கள். பிறகு ரெக்கியா ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொடுத்துவிட்டுப் போனாள்.

என் நிலையும் அதுதான். லாரி இல்லையென்றால் காகிதம் ஏது? மேசை வேப்பமரத்தடியில் அப்படியே இருந்தது, ஆடுகள் அதன் நிழலில் படுத்துக்கொண்டன. என் மனைவி ஹப்சு வீட்டில் வெங்காயம் காயவைத்து விற்றாள். நான் அந்த வியாபாரத்துக்கு மூட்டை தூக்கினேன். பிபாத்தா மதியம் ஆள் அனுப்பிக் கூப்பிடுவாள். அடிப்பிடித்த களியைச் சுரண்டி மேலே குழம்பு ஊற்றி வைத்திருப்பாள்.

"சாப்பிடு மச்சான். நாய்க்குன்னு வெச்சிருந்தேன், நீ முந்திக்கிட்டே."

அவள் அன்று சாப்பிட்டாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ரொம்பக் கோபம் வந்திருக்கும்.

சாபி குரல் பதிவு அனுப்புவார். புர்க்கினாவுக்குள் லாரிகள் தனியாகப் போக முடியாது, காட்டில் துப்பாக்கிக்காரர்கள். ராணுவக் காவல் வரும்வரை நூற்றுக்கணக்கான லாரிகள் ஒரு ஊரில் காத்துக் கிடக்கும், சில சமயம் ஒரு மாதம். போன் கோபுரங்களைச் சுட்டுச் சாய்த்திருந்தார்கள், அதனால் வாரக்கணக்கில் பேச்சிருக்காது. பிறகு திடீரென்று ஐந்தாறு பதிவு ஒன்றாக வந்து விழும். அவள் அவற்றைக் கடையில் வைத்தே சத்தமாகக் கேட்பாள். மறைக்க என்ன இருக்கிறது என்பாள்.

"இங்கயும் தட்டு சின்னதாத்தான் இருக்கு பிபாத்தா. இன்னைக்கு ஒரு பொம்பளைகிட்ட சோறு வாங்கினேன். உப்பே இல்ல."

அவள் பொத்தானை அழுத்திப் பதில் சொல்வாள்: "எவ அவ? வயசென்ன? உப்பில்லேன்னு அவகிட்ட சொன்னீங்களா, இல்ல பல்லைக் காட்டிக்கிட்டுத் தின்னீங்களா?"

பதில் வரப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பில் நின்றாள்.

விலகல் நடைமுறைக்கு வந்த மறுமாதம், குளிர்காற்று இன்னும் ஓயாத ஒரு காலையில், பிபாத்தா என் வீட்டுக்கே வந்தாள். "அவர் வர்ற லாரிக் கூட்டம் புர்க்கினா எல்லைக்கு வந்துடுச்சாம். நியாமேல சரக்கு இறக்கிட்டு நாலஞ்சு நாள்ல திரும்பிடுவாராம். நான் போறேன். இந்தத் தடவை அடுத்த வாரம்னு சொல்லமாட்டேன்."

"போய்?"

"போய் என்ன போய்? நிக்காஹ் பண்ணிக்கறேன். உன்கிட்ட கேட்டாருல்ல? பதில் சொல்லி முடிக்கணும்ல?"

அவளுடைய அண்ணன் முதலில் முறைத்தார். ஐம்பதை நெருங்குகிறவளுக்கு என்ன அவசரம் என்றார். பிறகு, பேருந்துக் கட்டணம் என்ன என்று விசாரித்துவிட்டு, தன் சார்பில் பேச என்னை அனுப்பினார்.

படகில் வந்த கிழங்கில் ஐந்தைப் பொறுக்கி எடுத்தாள். என்ன விலை கொடுத்தாள் என்று சொல்லவில்லை. பேருந்தில் அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள், மேலே போடவிடவில்லை. தோசோ தாண்டியபிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாலு மாசம் மச்சான். ஒரு படகு தூரம். நான் போகலே."

"திறந்துடுவாங்கன்னுதானே இருந்தே" என்றேன்.

"ஊருக்குப் பயந்து இருந்தேன். இப்ப அந்த ஊரு எனக்கு ஒரு கிழங்கை விலை குறைச்சுக் கொடுக்குதா?"

நியாமேயில் மகள் ஹாஜராவின் வீடு. மருமகன் பள்ளி ஆசிரியர். போன மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. பேரப்பிள்ளைகள் இருவர். போன அன்றே பிபாத்தா சமையல்கட்டில் நுழைந்து அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒரு பிடி இருந்தது.

"பகலுக்கு மட்டும்தாம்மா அடுப்பு" என்றாள் ஹாஜரா. "சாயங்காலம் கம்பங்கூழ். பசங்க பழகிட்டாங்க." பிறகு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "பாலமே மூடிக் கிடக்கு, இப்பப் போயி டிரைவர் மாப்பிள்ளை எதுக்கும்மா?" என்றாள்.

"பாலத்தைப் பார்த்தா எனக்கு ஆசை வந்துச்சு?"

ஹாஜராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாலு நாளில் வரவேண்டிய லாரிக் கூட்டம் வரவில்லை. போன் கிடைக்கவில்லை. வழியில் மூன்று லாரி எரிந்ததாகச் சந்தையில் பேச்சு. பிபாத்தா தினமும் காலையில் நகரத்துக்கு நடுவில் ஓடும் ஆற்றைக் கடந்து, புர்க்கினா சாலையில் இருக்கும் லாரித் திடலுக்குப் போவாள். நான் கூடப் போவேன். டீக்கடைக்காரியோடு சிநேகமாகிவிட்டாள். திரும்பி வந்ததும் கிழங்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பாள், ஒரு பக்கம் அழுத்தி அழுகிவிடக்கூடாதென்று. ஒன்று முளைவிட்டது. முளையைக் கிள்ளினாள். எட்டாம் நாள் ஒன்று மெத்தென்று ஆனது. அன்றைக்கு அதை இடிக்காமல் வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பதினோராம் நாள் முற்பகலில் லாரிகள் வந்தன. புழுதியில் எல்லாம் ஒரே நிறம். இறங்கியவர்களும் அதே நிறம். நாங்கள் வரிசை நெடுக நடந்தோம். நடு வரிசையில் ஒரு நெட்டை மனிதர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி முகம் கழுவிக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெள்ளை. நான் தாண்டியே போய்விட்டேன். பிபாத்தா நின்றுவிட்டாள்.

அவர் நிமிர்ந்தார். தண்ணீர் தாடியில் சொட்டியது. அவருடைய நிதானம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"இளைச்சுட்டே" என்றார்.

"நீங்க மட்டும் என்ன, கொழுத்த ஒட்டகமா?" என்றாள். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அவர் ஈரக்கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒருவரையொருவர் தொடவில்லை. "எரிஞ்சுதாமே?" என்று அவள் கேட்க, "எனக்கு ரெண்டு லாரி முன்னால" என்றார் அவர். அவ்வளவுதான். பிறகு கிழங்கைப் பற்றிப் பேசினார்கள். பராக்குப் பக்கம் மழை எப்படியாம், படகில் வரும் கிழங்கு ஏன் இப்படி மெலிந்திருக்கிறது என்று. நான் போய் மூன்று டீ சொன்னேன். டீயும் இரட்டை விலை.

மீதியிருந்த நாலு கிழங்கையும் அன்று ஹாஜராவின் முற்றத்தில் இடித்தார்கள். எதிர் உலக்கைக்கு ஹாஜரா நின்றாள். தாளம் தவறிக்கொண்டே இருந்தது, அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே இருந்தாள். சாபி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு முதல் கவளத்தைக் குழம்பில் தோய்த்தார். மென்றார். பாதியில் நிறுத்தி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டி தட்டியிருந்தது என்று எனக்கும் தெரியும். அவர் முழுத் தட்டையும் வழித்துச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு நிக்காஹ். தெருமுனைப் பள்ளிவாசல், இருபது பேர். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மெல்லக் கோலாக்கொட்டை பங்கிடாமல் முடியாது. கோலாவும் தெற்கேயிருந்து வருவதுதான். ஒரு கூடை வாங்கப் போன மருமகன் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார். நான் கத்தியை வாங்கி ஒவ்வொன்றையும் நாலாக நறுக்கினேன். இமாம் தன் பங்கைக் கையில் வைத்துப் பார்த்து, "இது கோலாவா, கோலாவோட சலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சாபிதான் கடைசியாகச் சிரித்தார்.

ஐந்து நாள் ஒன்றாக இருந்தார்கள், ஹாஜராவின் முன்னறையில். பிள்ளைகளை எங்களோடு முற்றத்தில் படுக்கவைத்தோம். ஆறாம் நாள் காலையில் லாரிக் கூட்டம் திரும்பிப் புறப்பட்டது. பிபாத்தா திடலுக்கு வந்தாள். இந்தத் தடவை தூக்கை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இந்த வழியை விட்டுடுங்களேன்" என்றாள்.

"விட்டுட்டு?"

வேறு வழியில் லாரி ஓடவில்லை. அவரைப் பராக்குக்கு அனுப்பினால் அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். காயாவுக்கு வரச்சொன்னால் இங்கே ஓட்ட லாரி இல்லை. அவளும் கடையை விட்டு அங்கே போகமாட்டாள். ஹாஜராவுக்கு மாதாமாதம் ஒரு சின்ன மூட்டை கம்பு அந்தக் கடையிலிருந்துதான் போகிறது.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்கள், நியாமேயில்தான். ஒருமுறை மூன்று நாள், ஒருமுறை ஒரே நாள். ரெக்கியா திரும்ப வந்திருக்கிறாள், வெள்ளிக்கிழமைகளில் மட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் கிழங்குக் களி, ஆயிரத்து இருநூறு பிராங்க். சம்பளம் வாங்கியவர்கள் வருவார்கள்; மற்றவர்கள் குழம்பு வாசனைக்கு அந்த வழியாக நடப்பார்கள், நானும் உட்பட. எனக்குக் கொடுக்காமல் விட்டதில்லை, திட்டாமல் கொடுத்ததும் இல்லை.

போன செவ்வாய் மதியம் நான் அடிப்பிடித்த களியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாபி போன் செய்தார், லோமேயிலிருந்து. லைன் தெளிவாக இருந்தது. பிபாத்தா அடுப்பை விட்டு வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்ன சமைச்சே?" என்று கேட்டார்.

அடுப்பில் இருந்தது மக்காச்சோளக் களி. கீரையில் எண்ணெய் காட்டியதோடு சரி.

"கிழங்குக் களி" என்றாள் பிபாத்தா. "நல்ல கிழங்கு, உங்க ஊர்க் கிழங்கு. நிலக்கடலையை ரெண்டு தடவை அரைச்சேன். பெரிய மீன் ஒண்ணு கிடைச்சுது, தலையை உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன், அப்புறம் இந்த சூமானா தின்னுட்டான்."

"ம்" என்றார் அவர். "நான் இப்பத்தான் சாப்பிட்டேன். ஆட்டுக்கறி, அரிசிச் சோறு. வயிறு நிறைய. இன்னும் வெச்சாங்க, நான்தான் வேணாம்னேன்."

"உப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு, இருந்துச்சு."

போனை வைத்தபிறகு அவள் எழுந்திருக்கவில்லை. என் தட்டைப் பார்த்தேன். மீன்தலை எதுவும் இல்லை.

"அவரும் பொய்தான் சொல்றாரு, தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியாம என்ன? ஆட்டுக்கறி தின்னவர் குரலா அது?" என்றாள். பெஞ்சின்மேல் சிந்தியிருந்த கீரையை முக்காட்டு நுனியால் துடைத்தாள். "நாளைக்கு அவரு கேக்கும்போது என்ன சமைச்சேன்னு சொல்றது, நீயே ஒண்ணு சொல்லு. எனக்கு எல்லாம் தீர்ந்துபோச்சு."

நான் யோசித்தேன். "ஆட்டுத்தலை?" என்றேன்.

"ஆட்டுத்தலை" என்றாள் பிபாத்தா, அதை எப்படிச் சமைப்பது என்று இப்போதே நினைத்துப் பார்ப்பவளாக, அடுப்புப் பக்கம் போனாள்.